கமேலியா மொட்டு கொட்டுகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

கலிஃபோர்னியாவின் சேக்ரமெண்டோவில் வீடு வாங்கும் நம்மவர்களில் பலருக்கு வீட்டோடு சேர்ந்து ஒரு கமேலியாப் பூச்செடியும் வந்துவிடுகிறது. வடக்குச் சுவரை ஒட்டி, ஜன்னல் உயரத்துக்கு, கரும்பச்சை இலையோடு நிற்கும். முன்பு இருந்தவர் நட்டிருப்பார், இல்லையென்றால் அவருக்கும் முன்பு இருந்தவர். குன்னூர்ப் பக்கத்துக்காரர்கள் இலையைத் தொட்டுப் பார்த்ததுமே "தேயிலை மாதிரி இருக்கே" என்பார்கள். தேயிலையும் கமேலியாப் பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

ஜனவரி பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கும். உள்ளூர் கமேலியா கிளப்பில் இருக்கிறேன் என்று நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். "அக்கா, மொட்டெல்லாம் கொட்டுது. என்ன மருந்து அடிக்கணும்?" நான் முதலில் கேட்பது: "மருந்து இருக்கட்டும்மா. போன கோடை லீவுல ஊருக்குப் போயிருந்தீங்களா?" பெரும்பாலும் ஐந்தாறு வாரம் போயிருப்பார்கள். அந்த நாட்களில் இங்கே வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். செடி அப்போதே முடிவெடுத்துவிட்டது; நம் கண்ணுக்குத் தெரிய ஆறு மாதம் ஆகிறது.

கமேலியாவில் தொல்லை தெரியும் பருவம் வேறு, தொல்லை தொடங்கிய பருவம் வேறு. ஒவ்வொரு அறிகுறிக்கும் நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ளவை இந்தச் சேக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் களிமண்ணுக்கும் கோடைக்கும் பொருந்துபவை. பெரும்பாலும் ஜப்பானிக்கா வகையை மனதில் வைத்துச் சொல்கிறேன். கையில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கைக்கொத்து இருந்தால் போதும்.

## மொட்டு விரியாமலே உதிர்கிறது

முதலில் எண்ணுங்கள். ஒரே நுனியில் மூன்று, நான்கு மொட்டுகள் நெருக்கியடித்து இருந்து, அதில் இரண்டு விழுந்து மற்றவை பூத்தால் அது நோயில்லை. தாங்க முடியாததைச் செடி தானே கழிக்கிறது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நீங்களே நுனிக்கு ஒன்று விட்டு மற்றதைத் திருகி எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது பெரிதாகப் பூக்கும்.

எல்லாமே விழுகிறதென்றால் மண்ணைக் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை இரண்டு இடத்தில் இறக்க வேண்டும்: தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒன்று, இரண்டடி தள்ளி ஒன்று. இந்த இரண்டாவது குத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நர்சரியில் செடி வளர்வது மரப்பட்டைத் துகள் கலந்த கலவையில். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. சுற்றியுள்ள களிமண் ஈரமாக இருக்கும், நடுவில் இருக்கும் வேர்க்கட்டி தூசியாகக் கிடக்கும். வீட்டுக்காரர் "தினமும் தண்ணி விடறேனே" என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான், தண்ணீர்தான் வேருக்குப் போகவில்லை.

- நடுவில் மண் காய்ந்து, வெளியே ஈரம்: குழாயைத் தண்டருகே வைத்துப் பென்சில் தடிமனில் ஒரு மணி நேரம் விடுங்கள். மறுநாள் திரும்பச் செய்யுங்கள். பிறகு சொட்டுநீர்க் குழாயின் (டிரிப்) முனைகளை வேர்க்கட்டியின் மேலேயே வருமாறு நகர்த்துங்கள். இந்த ஆண்டு மொட்டுகளைக் காப்பாற்ற முடியாது, அடுத்த ஆண்டுக்கு இது போதும்.
- இரண்டு இடத்திலும் மண் காய்ந்திருக்கிறது: தண்ணீர் விடும் டைமரைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்தது, வால்வு அடைத்தது, யாரோ மழைக்காலத்துக்கு அணைத்து வைத்தது எல்லாம் சகஜம்.
- இரண்டு இடத்திலும் சொதசொதப்பு, மண்ணில் அழுகல் வாடை: கீழே "செடி முழுதும் வாடுகிறது" பகுதிக்குப் போங்கள்.

இங்கே ஒரு வரலாறும் உண்டு. 2015 ஏப்ரலில் கவர்னர் ஜெர்ரி பிரவுன் நகரங்களின் தண்ணீர்ச் செலவில் 25 சதவீதத்தைக் குறைக்க உத்தரவிட்டார். பல வீடுகளில் புல்தரையை நிறுத்தினார்கள், சிலர் பெயர்த்தே எடுத்தார்கள். அந்தப் புல்தரைக்குத் தெளித்த தண்ணீரில்தான் ஓரத்துக் கமேலியாக்கள் பல ஆண்டுகளாகப் பிழைத்திருந்தன என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. புல்லை எடுத்து ஜல்லி போட்ட வீடு என்றால், செடிக்குத் தனியாக ஒரு டிரிப் லைன் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

தண்ணீர் சரி என்றால் மொட்டைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். உள்ளே நடு மட்டும் பழுப்பாக இருந்தால் உறைபனி அடித்திருக்கிறது. உறைபனி எச்சரிக்கை வரும் நாளில் பகலிலேயே மண்ணை நனைத்து, இரவில் பழைய பெட்ஷீட் போர்த்துங்கள். பிளாஸ்டிக் வேண்டாம்.

மொட்டின் வெளிச் செதில்கள் ஓரத்திலிருந்து பழுப்பாகி உள்நோக்கிப் போகிறதா? பூதக்கண்ணாடி வையுங்கள். மொட்டுச் சிலந்திப்பூச்சி அத்தனை சிறியது, கண்ணுக்குப் பிடிபடாமலும் போகலாம். செதில்களுக்கு இடையில் ஒளிந்திருப்பதால் மருந்து சேராது. பாதித்த மொட்டுகளைப் பறித்து மூடிய பையில் போடுங்கள்.

கடைசியாக, ரகம். 'பிங்க் பர்ஃபெக்‌ஷன்' அழகான பழைய ரகம், மொட்டு உதிர்ப்பதிலும் பெயர் பெற்றது. எல்லாம் சரியாகச் செய்தும் மூன்று வருடம் தொடர்ந்து கொட்டினால், குளிர்காலத்தில் செடி உறங்கும்போது மதிய வெயில் படாத இடத்துக்கு மாற்றலாம். நெஞ்சளவு உயரத்துக்கு மேற்பட்ட செடியை நீங்களே பெயர்க்க வேண்டாம். வேர்க்கட்டியின் கனம் முதுகை ஒடித்துவிடும், கட்டி உடைந்தால் செடியும் போய்விடும்.

## மொட்டே வைக்கவில்லை

ஆகஸ்டு கடைசியில் நுனிகளைத் தடவிப் பாருங்கள். உருண்டையாகக் குண்டாக இருப்பது பூமொட்டு, ஒல்லியாகக் கூராக இருப்பது இலைமொட்டு. எல்லாமே கூராக இருந்தால்:

- எப்போது வெட்டினீர்கள்? கோடைத் தொடக்கத்தில் உருவாகும் மொட்டுதான் அடுத்த குளிர்காலத்தில் பூக்கிறது. தோட்ட வேலைக்கு வருபவர்கள் செப்டம்பரில் மெஷினை வைத்து உருண்டையாகச் சீவிவிட்டால் அந்த ஆண்டுப் பூ அத்தனையும் குப்பையில். கவாத்து என்பது பூத்து முடிந்ததும், புதுத்துளிர் கிளம்புமுன் செய்வது. வேலையாளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். நான் என் செடியில் ரிப்பன் கட்டி வைக்கிறேன்.
- புல்லுக்குப் போடும் உரம் இதற்கும் விழுகிறதா? தழைச்சத்து அதிகமானால் இலை பளபளக்கும், பூ வராது.
- நிழல் அதிகமா? பக்கத்து மரம் வளர்ந்து மூடியிருக்கும். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரமாவது விழ வேண்டும். பெரிய மரக்கிளையைக் கழிக்க வேண்டியிருந்தால் உரிமம் பெற்ற மர வல்லுநரைக் கூப்பிடுங்கள். அது ஓக் மரமாக இருந்தால் நகராட்சியின் அனுமதி வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## மொட்டு பாதி விரிந்து நின்றுவிடுகிறது

இதழ் அடுக்கடுக்காக நடுவில் மகரந்தமே தெரியாமல் அமையும் இரட்டை அடுக்கு ரகங்களில்தான் இதை அதிகம் பார்க்கிறோம். குளிர் நீடித்தால், அல்லது மொட்டு பெருக்கும் வாரங்களில் தண்ணீர் குறைந்தால், மூக்கு மழுங்கிய மாதிரி நின்றுவிடும். மொட்டுகளைக் குறைப்பது, டிசம்பரில் மழை பொய்த்தால் தண்ணீர் விடுவது, இவை இரண்டும்தான் வழி. கையால் பிரித்து விடாதீர்கள். தொட்ட இடமெல்லாம் மறுநாள் பழுப்பாகும்.

## பூ பழுப்பாகிறது

இதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு தோட்டமே பல வருடம் கஷ்டப்படும். அதனால் பொறுமையாகப் பாருங்கள்.

வெளி இதழ்களின் ஓரம் மட்டும், செடியின் ஒரு பக்கம் மட்டும்: வெயில், காற்று, அல்லது உறைபனி. வெள்ளையிலும் வெளிர் இளஞ்சிவப்பிலும் அதிகம் தெரியும். காலையில் பனித்துளி காயுமுன் நேர்வெயில் படும் கிழக்குச் சுவர் வெள்ளை ரகத்துக்கு ஆகாது.

சாம்பல் நிற மென்மயிர் போலப் பூஞ்சணம்: தொடர்ந்து மழையும் மூடுபனியும் இருக்கும் வாரத்தில் வாடிய பூவில் வருவது. வாடிய பூக்களை எடுத்துவிட்டால் போதும்.

இதழில் சின்னப் பழுப்புப் புள்ளி, இரண்டு நாளில் பூ முழுக்கப் பரவல், இதழ் நரம்புகள் இன்னும் கருமையாகத் தெரிவது: பூவைப் பறித்துத் திருப்புங்கள். அடியிலுள்ள பச்சைச் செதில்களைக் கிள்ளி எடுங்கள். இதழ்கள் சேரும் அடிவாரத்தில் வெள்ளை அல்லது சாம்பல் வளையம் இருந்தால் இது இதழ்க்கருகல் நோய். தாவரவியலார் சிபோரினியா கமேலியே என்று சொல்லும் பூஞ்சை. 1919-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது, 1938-இல் கலிஃபோர்னியாவில் காணப்பட்டது.

இது இலையையோ வேரையோ தொடாது, பூவை மட்டும்தான் தின்னும். விழுந்த பூவின் அடியில் கறுப்பாகக் கெட்டியான ஒரு கட்டி உருவாகி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். குளிர்காலத்தின் கடைசியில் ஈரம் பட்டதும் அதிலிருந்து சிறு பழுப்புக் கிண்ணக் காளான் முளைத்து, வித்துகளைக் காற்றில் விடும். அதனால் செய்ய வேண்டியவை, இந்த வரிசையிலேயே:

1. செடியிலும் தரையிலும் உள்ள பூ ஒவ்வொன்றையும் எடுங்கள். பூக்காலம் முடியும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை. உரக்குழியில் போடவே கூடாது, பையில் கட்டிக் குப்பைக்கு.
2. பூக்காலம் முடிந்ததும் செடியடியில் உள்ள பழைய மூடாக்கை வாரி எடுத்துவிட்டு, புதிய மரப்பட்டை மூடாக்கு நான்கு அங்குலம் போடுங்கள். தண்டைத் தொடாமல்.
3. பக்கத்து வீட்டில் கமேலியா இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். வித்து வேலி தாண்டி வரும். ஒரு டப்பா இனிப்போடு போய்ப் பேசி, அவர்கள் செடியடியையும் நானே பெருக்கிக் கொடுத்திருக்கிறேன்.
4. மருந்து கடைசி. செடிமேல் தெளிப்பது வரும் பூவைச் சில நாள் காக்கும், மண்ணில் கிடப்பதை அழிக்காது. முதல் மூன்றையும் செய்யாமல் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இலையுதிர்காலத்தில் பூக்கும் சசாங்க்வாவும் 'யூல்டைட்' போன்ற கிறிஸ்துமஸ் காலத்து ரகங்களும் பெரும்பாலும் தப்பித்துவிடும், வித்து பறக்கும் முன்பே பூத்து முடிவதால். நோய் வேரூன்றிய தோட்டத்தில் புதிதாகச் செடி வைப்பவர்களுக்கு நான் இவற்றைத்தான் சொல்கிறேன்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உள்பக்கத்துப் பழைய இலை, வசந்தத்தில்: கமேலியா இலைக்கு ஆயுள் இரண்டு மூன்று வருடம். புதுத்துளிர் வரும்போது பழசு மஞ்சளாகி விழும். எதுவும் செய்ய வேண்டாம்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச்சத்து எட்டவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும், மண் காரமாகிப்போனதால் வேரால் எடுக்க முடியாது. சிமென்ட் நடைபாதையையோ புது வீட்டு அஸ்திவாரத்தையோ ஒட்டி நிற்கும் செடியில் அடிக்கடி பார்க்கிறேன், சுண்ணாம்பு கசிகிறது. மண்ணின் புளிப்பு-காரத்தை அளக்கும் மலிவான பிஎச் கிட் வாங்கிச் சோதியுங்கள். 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். 7-க்கு மேலே என்றால், உடனடி நிவாரணத்துக்கு வேர் எளிதில் எடுக்கும் வடிவிலுள்ள கீலேட் இரும்பு, நிரந்தரத்துக்கு மண் கந்தகம். கந்தகம் வேலை செய்ய மாதக்கணக்காகும், அவசரப்பட்டு அள்ளிப் போடாதீர்கள். இரண்டு வருடத்திலும் மாறவில்லையென்றால் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள்.

செடி முழுக்க வெளிர்ப்பச்சை: பசி. பூத்து முடிந்ததும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு போடுங்கள். நம் வீடுகளில் மாட்டுக்கு வைத்த அதே பொருள் இங்கே தோட்டக்கடையில் மூட்டையில் கிடைக்கிறது. மெதுவாகக் கரையும், வேரைச் சுடாது.

அங்கங்கே மஞ்சள் அல்லது வெள்ளைத் திட்டு, மற்றபடி செடி திடமாக இருக்கிறது: வைரஸ். ஒட்டுக் கட்டும்போது பரவுவது. மருந்தில்லை, செடிக்குப் பெரிய கேடுமில்லை. அதிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டாமல் இருந்தால் சரி.

## இலையில் பழுப்பு

இலையின் நடுவில், வானம் பார்த்த பக்கத்தில் திட்டு என்றால் வெயில் சுட்டது. ஜூலையில் நிழல்துணி கட்டுங்கள். நுனியும் ஓரமும் கருகினால் உப்பு. உரம் அதிகம், அல்லது தொட்டியில் உப்பு தேங்கியிருக்கிறது. தொட்டியின் அடியில் தண்ணீர் தாராளமாக ஓடும்வரை மூன்று முறை அலசி விடுங்கள். அந்த ஆண்டு உரத்தை நிறுத்துங்கள்.

## இலைமேல் கரி பூசியது போல இருக்கிறது

கரியைத் துடைத்துப் பயனில்லை. மேலே உள்ள இலைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செதில்பூச்சியோ அசுவினியோ சாறு குடித்து ஒட்டும் தேன்நீரைச் சொட்டுகிறது, அதில் வளர்வதுதான் இந்தக் கரும்பூசணம். எறும்பு வரிசை போனால் அதுவே சாட்சி. அசுவினிக்குக் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தால் போதும். செதில்பூச்சிக்குத் தோட்ட எண்ணெய், இலையின் அடிப்பக்கம் நனைய. வெயில் 90 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை வெந்துவிடும். எறும்பை நிறுத்தாவிட்டால் பூச்சி திரும்ப வரும்.

## செடி முழுதும் வாடுகிறது

ஒரே ஒரு கிளை மட்டும் என்றால் அதைக் கீழே தொடர்ந்து வந்து, பட்டை குழிந்து வெடித்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கும் கீழே, வெட்டுமுகம் சுத்தமாகத் தெரியும்வரை நறுக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும்.

முழுச்செடியும் என்றால் தண்டின் அடியைக் கைக்கொத்தால் சுரண்டுங்கள். தண்டு அகன்று வேராக மாறும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். நான் போய்ப் பார்த்த வாடிய செடிகளில் அதிகமானவை ஆழமாக நட்டவை, அல்லது வருடாவருடம் மூடாக்கு குவித்துக் கழுத்துவரை புதைத்தவை. மேல்மண்ணை விலக்கினாலே சில செடிகள் பிழைத்துக்கொள்ளும். புதுச்செடி என்றால் குளிர்காலத்தில் தோண்டி, வேர்க்கட்டியின் தலை சுற்றுத்தரையைவிட இரண்டு அங்குலம் உயரமாக இருக்குமாறு திரும்ப நடுங்கள். தொட்டி வடிவத்தில் சுற்றிச்சுற்றி வளர்ந்த வேர் இருந்தால் நான்கு பக்கமும் கீறி விடுங்கள்.

அடுத்து வடிகால். பக்கத்தில் ஓரடிக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். திரும்ப நிரப்பி மணி பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலம்கூட இறங்கவில்லையென்றால் அடியில் தண்ணீர் இறங்காத கெட்டித்தட்டு இருக்கிறது. அங்கே மேடைப்பாத்தி கட்டாமல் கமேலியா வராது.

கடைசியாக ஒரு வேரைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளையாகத் திடமாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் கழன்று நடுநரம்பு நூலாக மிஞ்சினால் வேரழுகல். இங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். முதல் அழைப்பு, கலிஃபோர்னியா பல்கலைக்கழக விரிவாக்கத் துறையின் தன்னார்வத் தோட்ட ஆலோசகர்களான மாஸ்டர் கார்டனர்களுக்கு. ஆலோசனை இலவசம். இலை, வேர், மண் மூன்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது மரமென்றால் உரிமம் பெற்ற மர வல்லுநருக்குக் காசு கொடுப்பது தகும், அந்த மரத்தைத் திரும்ப வாங்க முடியாது. அழுகலில் செடி போன இடத்திலேயே புதிது வைப்பதானால், வேரழுகலைத் தாங்கும் சசாங்க்வா வேரில் ஒட்டுக் கட்டியதாகக் கேட்டு வாங்குங்கள்.

## தோட்டத்தில் அழகாக இருந்த பூ கண்காட்சி மேசையில் சோபிக்கவில்லை

சேக்ரமெண்டோ கமேலியா கண்காட்சி மார்ச் முதல் வாரக்கடைசியில் நடக்கும். முதல்முறை வருபவர்கள் பூவைக் கையில் ஏந்திக்கொண்டு கார் ஏறுவார்கள். பத்து மணிக்கு நடுவர் வரும்போது இதழில் விரல்ரேகை பழுப்பாகத் தெரியும்.

இதழில் கறை: தொட்டதால். காம்பை மட்டும் பிடியுங்கள். பூவுக்கு இரண்டு வாரம் முன்பே, அதன்மேல் உரசும் இலையைக் கிள்ளிவிடுங்கள். மழை வருமென்றால் கிளைக்கு மேல் ஒரு குடையைக் கட்டுங்கள். எங்கள் கிளப்பின் மூத்தவர் ஒருவர் பிப்ரவரி முழுக்க அப்படித்தான் வைத்திருப்பார்.

வாடித் தொங்கல்: முந்தின நாள் அதிகாலையில் பறியுங்கள். மகரந்தம் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும் பூவையே தேர்ந்தெடுங்கள், பழுப்பேறியது வயதானது. மூடியுள்ள டப்பாவில் ஈரப்பஞ்சைப் பரப்பி, பூ பக்கவாட்டில் மோதாமல் வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசருக்குக் கிட்டே வேண்டாம்.

நல்ல பூ, பரிசு இல்லை: பிரிவு தவறியிருக்கும். ஸ்கேல் வைத்துப் பூவின் அகலத்தை அளந்து பாருங்கள். இரண்டரை அங்குலம்வரை மினியேச்சர், மூன்றுவரை சிறியது, நான்குவரை நடுத்தரம், ஐந்துவரை பெரியது, அதற்கு மேல் மிகப்பெரியது. ரெட்டிகுலேட்டா என்ற கமேலியா இனத்துக்குத் தனி மேசை. ரகப்பெயர் தெரியாத வீட்டுச்செடியென்றால், பூவும் இலையுமாக நான்கைந்து எடுத்துக்கொண்டு சீக்கிரமே வாருங்கள். பெயர் கண்டுபிடிக்க உதவும் பெரியவர்கள் வாசலருகே இருப்பார்கள். 'நூச்சியோஸ் ஜெம்' போன்ற வெள்ளைகளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஜிப் வைத்தும் பூ பெரிதாகவில்லை: நம் ஊர்த் திராட்சைத் தோட்டங்களில் பயன்படுத்தும் ஜிப்பரெலிக் அமிலம்தான் இது. செப்டம்பரில், பூமொட்டுக்குப் பக்கத்திலுள்ள இலைமொட்டைக் கிள்ளி, மிஞ்சும் சிறு கிண்ணத்தில் ஒரு சொட்டு விடுவது. பலிக்காததற்கு முதல் காரணம் பழைய கரைசல், ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்தது. இரண்டாவது, கிள்ளியது இலைமொட்டே இல்லை. மூன்றாவது, தண்ணீர் குறைந்த செடி. ஒரே கிளையில் நான்கைந்து இடத்தில் வைத்தால் அந்தக் கிளை காய்ந்துபோகலாம். ஜிப் வைத்த பூவை வைக்காத பூக்களின் பிரிவில் சேர்க்கக் கூடாது, அட்டையில் உண்மையை எழுதுங்கள்.

கண்காட்சி முடிந்ததும் மேசைப் பூக்களையெல்லாம் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புகிறோம். எத்தனையோ தோட்டத்துப் பூக்கள் அங்கே ஒன்றாகக் கிடக்கின்றன. அதில் ஒன்று பிடித்துப்போய் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், ஜாடியில் வைத்துப் பாருங்கள், வாடியதும் அதையும் பையிலேயே போடுங்கள். செடியடிக்குப் போக வேண்டாம்.